பீனியா ஓ.டி. வழக்கு: இந்தச் சமரச மனுவில் கையெழுத்துப் போடலாமா?

வணக்கம். பெங்களூரில் தொழிலாளர் வழக்கு நடத்தும் வக்கீல்கள், சங்க அனுபவம் உள்ளவர்கள் யாராவது இருந்தால் வழி சொல்லுங்கள்.

என் அக்கா பீனியாவில் ஒரு கார்மென்ட்ஸில் டெய்லர். ஓ.டி.க்கு (ஓவர்டைம், அதாவது கூடுதல் நேர வேலைக்கு) ஒற்றைச் சம்பளம்தான் கொடுத்து வந்தார்கள். 2025 நவம்பர் வரை அமலில் இருந்த 1948 தொழிற்சாலைச் சட்டப்படி இரட்டிப்பு தந்திருக்க வேண்டும். அந்தப் பாக்கிக்காக அவரும் உடன் வேலை செய்பவர்களும் போட்ட வழக்கு லேபர் கோர்ட்டில் இருக்கிறது. இப்போது நிர்வாகமே சமரசத்துக்கு இறங்கி வந்திருக்கிறது. தொகை குறைவுதான், ஆனாலும் அக்காவுக்குச் சம்மதம்.

இடிப்பது மனுவில் உள்ள ஒரு வரி: “பணிக்கொடை உட்பட இனி எந்த பாக்கியும் இல்லை.” ஓ.டி. வழக்கில் பணிக்கொடை (கிராஜுவிட்டி, வேலையை விடும்போது தரும் தொகை) எங்கிருந்து வந்தது? ஐந்து வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர் அக்கா, அதனால் பணிக்கொடைக்கு உரிமை உண்டு. 2025 நவம்பர் வரை இருந்த 1972 பணிக்கொடைச் சட்டத்தில், அதற்கு முரணான ஒப்பந்தம் செல்லாது என்று இருந்தது தெரியும். ஆனால் கோர்ட்டே சமரசத்தைப் பதிவு செய்து உத்தரவு போட்டுவிட்டால், அப்புறம் தனியாகப் போராட வேண்டி வருமே? லோக் அதாலத்துக்கு (சமரசமாக வழக்கை முடிக்கும் மக்கள் நீதிமன்றம்) அனுப்பலாம் என்றும் பேசுகிறார்கள். அங்கே முடிந்தால் அப்பீல் கிடையாது.

அந்த வரியை மட்டும் அடிக்கச் சொல்லி நீதிபதியிடம் நேரடியாகக் கேட்கலாமா? ஒவ்வொரு தொழிலாளியையும் கூப்பிட்டு விசாரிப்பார்களா? சிலர் கையெழுத்துப் போட மறுத்தால் அவர்கள் வழக்கு தனியாகத் தொடருமா? பணத்தைத் தவணையில் தருவதாகச் சொல்கிறார்கள், நடுவில் நிறுத்தினால் என்ன செய்வது?

மனு கன்னடத்தில் இருக்கிறது. படித்துப் பார்க்க முடிந்தவர்கள் இன்பாக்ஸில் வாருங்கள், பெயர்களை மறைத்து அனுப்புகிறேன். கட்டணம் இருந்தாலும் சரி.