நாலு வண்ணப் படப்புத்தகம், தமிழிலும் ஆங்கிலத்திலும்: தாள், பிளேட், ஓவியர் ஒப்பந்தம்

கிரவுன்கால் கேட்டது:

எங்களுடையது சிறுவர் நூல் மட்டும் போடும் குடும்பப் பதிப்பகம். அப்பா பெயரில் தனி உரிமையாளர் நிறுவனம். இதுவரை வந்ததெல்லாம் டெமி 1/8 (வழக்கமான நாவல் அளவு), 70 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) மேப்லித்தோ (பூச்சில்லாத சாதாரண அச்சுத்தாள்), உள்ளே ஒற்றை வண்ணம், அட்டை மட்டும் நாலு வண்ணம். இப்போது 4 முதல் 7 வயதுக்கு முழு வண்ணப் படப்புத்தகம் போட நினைக்கிறோம். 24 பக்கம், சென்டர் பின் (நடுமடிப்பில் கம்பி அடிப்பது), தமிழில் 1000, ஆங்கிலத்தில் 1000. ஓவியர் 8.5க்கு 8.5 அங்குலம் சதுரமாக வரையலாம் என்கிறார், இன்னும் தொடங்கவில்லை.

தெரிய வேண்டியவை: அளவு சரியா, எத்தனை ஜிஎஸ்எம் தாள், இரண்டு மொழிக்கும் சேர்த்து அச்சிட்டால் எவ்வளவு மிச்சம், விலை எப்படி வைப்பது. கூடவே அப்பா, நான், தங்கை மூவரும் பங்குதாரர் நிறுவனமாக மாற்றப் போகிறோம். பழைய நூல்களின் உரிமை தானாக வந்துவிடுமா?

அச்சுமேசை:

ஓவியர் இன்னும் தொடங்கவில்லை என்பது நல்லது. முதலில் தாளைப் பாருங்கள், பிறகு படம்.

8.5 சதுரத்துக்கு ட்ரிம் (ஓரம் வெட்டுவதற்கான இடம்) சேர்த்துப் பக்கத்துக்கு 9 அங்குலம் வேண்டும். 23×36 தாளில் 36 அங்குல நீளத்தில் நாலு விழும், 23 அங்குல அகலத்தில் இரண்டுதான். 18 போக மீதி 5 அங்குலம் வெட்டுத்துண்டு. தாள் விலையில் ஏறக்குறைய 22 சதவீதம் பழைய பேப்பர் கடைக்குப் போகிறது. அதற்குப் பதிலாக கிரவுன் 1/4, அதாவது 7.25×9.5. 20×30 தாளின் ஒரு முகத்தில் 8 பக்கம், இரண்டு முகமும் சேர்த்து 16. கிரிப்பருக்கு (மெஷின் தாளைப் பிடிக்கும் ஓரம்) அரை அங்குலம் விட்டும் 9.5 உயரம் கிடைக்கும். ஒரு எச்சரிக்கை: சில அச்சகங்களில் இருப்பது 20×29 அளவு மெஷின், அதில் 30 அங்குலத் தாள் ஏறாது. அப்படியென்றால் புத்தகத்தின் அகலம் 7 அங்குலம் என்று குறைத்துக்கொள்ள வேண்டும். எந்த மெஷினில் ஓடப்போகிறது என்று கேட்டுவிட்டு ஓவியருக்கு அளவு சொல்லுங்கள். வரைந்து முடிந்தபின் கால் அங்குலம் குறைத்தால் யாருடைய தலையாவது போகும்.

உள்பக்கத்துக்கு 130 ஜிஎஸ்எம் ஆர்ட் பேப்பர் (வழவழப்புப் பூச்சுள்ள தாள்), மேட் (பளபளப்பில்லாதது). 24 பக்கம் என்றால் 12 இலைதான். 100 ஜிஎஸ்எம் போட்டால் பின்பக்கப் படம் தெரியும், கையில் எடுத்தால் நோட்டீஸ் போல இருக்கும். 170 போட்டால் மடிப்பில் மை வெடிக்கும். அட்டைக்கு 250 ஜிஎஸ்எம் ஆர்ட் கார்டு, மடிப்புக்கு முன் கிரீசிங் (மடிப்புக் கோட்டை அழுத்திவிடுவது) கட்டாயம். லேமினேஷன் குளாஸ் (பளபளப்பு) போடுங்கள். மேட் பார்க்க அழகு, ஆனால் குழந்தையின் விரல் நகமும் எண்ணெய்க் கையும் முதல் வாரமே தெரிந்துவிடும்.

கணக்கு இப்படி வரும். 24 பக்கம் என்பது ஒரு 16 பக்க ஃபாரம் (ஒரே தாளில் அச்சாகி மடிக்கப்படும் பக்கங்கள்), ஒரு 8 பக்க ஃபாரம். அந்த எட்டுப் பக்கத்தையும் ஒரே பிளேட்டில் (அச்சுத் தகடு, நிறத்துக்கு ஒன்று) ஏற்றி, தாளின் ஒரு முகம் ஓட்டி, திருப்பி அதே பிளேட்டில் மறுமுகம் ஓட்டினால் ஒரு தாளில் இரண்டு பிரதி. ஆக பிளேட்: 16 பக்கத்துக்கு எட்டு, 8 பக்கத்துக்கு நாலு, அட்டைக்கு நாலு, மொத்தம் 16. இரண்டு மொழியையும் தனித்தனியாக ஓட்டினால் 32. ஒன்றாக ஓட்டினால் சயான், மஜெந்தா, மஞ்சள் மூன்றும் அப்படியே நிற்கும், கறுப்பு பிளேட் மட்டும் மாறும். கூடுதலாக நாலே நாலு, மொத்தம் 20. பிளேட் செலவை விடப் பெரிய மிச்சம் மெஷின் செட்டிங்கில்: தமிழ் 1000 ஓடி முடிந்ததும் கறுப்பை மட்டும் கழற்றி மாட்டினால் போதும், நிறம் ஏற்கெனவே நின்றிருக்கும்.

தாள் (அட்டை தவிர): 2000 பிரதிக்கு 16 பக்க ஃபாரத்துக்கு 2000, 8 பக்க ஃபாரத்துக்கு 1000. செட்டிங் வேஸ்டேஜ், மொழி மாற்றம், பைண்டிங்கில் போவது எல்லாம் சேர்த்து 3500 தாள், அதாவது 7 ரீம். 20×30 தாள் 130 ஜிஎஸ்எம்மில் ஒன்று 50 கிராம் சொச்சம், ரீம் 25 கிலோ சொச்சம். மொத்தம் 176 கிலோ. அச்சகம் 200 கிலோவுக்கு மேல் தாள் கேட்டால் ஏன் என்று கேளுங்கள்.

கிரெய்ன் (தாளின் நார் ஓடும் திசை) மறந்துவிடாதீர்கள். நிற்கும் (அகலத்தைவிட உயரம் கூடிய) புத்தகத்தில் முதுகு 20 அங்குலப் பக்கத்துக்கு இணையாக வருகிறது, எனவே தாளின் கிரெய்னும் 20 அங்குலப் பக்கமாக ஓட வேண்டும். கடையில் சும்மா கேட்டால் பெரும்பாலும் 30 அங்குலப் பக்கமாக ஓடுவதைத்தான் தருவார்கள். அதில் மடித்தால் மடிப்பு வெடிக்கும், புத்தகம் விரியாமல் முறைத்துக்கொண்டு நிற்கும். படுத்த புத்தகம் என்றால் இது அப்படியே தலைகீழ்.

கறுப்புபிளேட்:

மேலே சொன்ன மிச்சம் முழுவதும் ஒரே ஒரு நிபந்தனையில் தொங்குகிறது: எழுத்து நூறு சதவீதக் கறுப்பில் மட்டும் இருக்க வேண்டும். கரும்பச்சை மரத்தின் மேல் வெள்ளை எழுத்து, சிவப்பில் "டமார்!" என்றெல்லாம் ஒரு பக்கத்தில் போட்டாலும் அந்த ஃபாரத்தின் மற்ற பிளேட்டுகளும் மொழிக்கு மொழி மாறியாக வேண்டும். ஓவியரிடம் முதல் நாளே சொல்லுங்கள். ஒலிச்சொற்களைப் படத்துக்குள்ளேயே கையால் எழுதிவிடுவது அவர்களுக்குப் பிடித்த வேலை.

அடுத்தது ஓவர்பிரிண்ட். கறுப்பு எழுத்து படத்தின் மேல் ஏறி அச்சாக வேண்டும். இன்டிசைனில் (பக்க வடிவமைப்பு மென்பொருள்) முதலிலேயே இருக்கும் கறுப்பு ஸ்வாட்ச் (நிறத் தேர்வு) தானாக அப்படிச் செய்யும். வடிவமைப்பாளர் தானாக ஒரு கறுப்பு கலந்திருந்தாலோ, 90 சதவீதமாகக் குறைத்திருந்தாலோ செய்யாது. எழுத்துக்குக் கீழே மற்ற மூன்று நிறங்களிலும் எழுத்து வடிவிலேயே ஓட்டை விழும். ஆங்கிலப் பிரதியை எடுத்தால் வானத்தில் தமிழ் எழுத்து வெள்ளை ஆவியாகத் தெரியும். பிளேட் போவதற்கு முன் செபரேஷன்ஸ் பிரிவ்யூ (நிறங்களைத் தனித்தனியாகக் காட்டும் வசதி) திறந்து, கறுப்பை அணைத்துப் பாருங்கள். திரையில் ஒரு எழுத்தின் சாயல்கூட இருக்கக் கூடாது.

ஆங்கிலத்தில் நாலு வரி கொள்ளும் இடத்தில் தமிழ் கொள்ளாது. எழுத்துக்கான இடத்தை ஆங்கிலத்துக்குத் தேவையானதைவிட மூன்றில் ஒரு பங்கு கூட விடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் கடைசியில் தமிழை 12 புள்ளிக்குச் சுருக்குவார்கள். இந்த வயதுக்கு 18க்குக் கீழே போகக் கூடாது, 20 என்றால் வரிக்கு வரி இடைவெளி 30 புள்ளி. மெல்லிய கோடுள்ள எழுத்துரு படத்தின் மேல் கரைந்துவிடும். முக்தா மலர், பாலு தம்பி போன்றவை திறந்த உரிமத்தில் கிடைப்பவை, காசில்லை. பாலு தலைப்புக்கு மட்டும், பத்திக்கு வேண்டாம்.

யூனிகோடில் கோத்தால் இன்டிசைனில் வேர்ல்ட்-ரெடி கம்போசர் (தமிழ் எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் அமைப்பு) தேர்வாகியிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். பழைய பாமினி, வானவில் (யூனிகோட் அல்லாத எழுத்துருக்கள்) கோப்புகளை மாற்றியிருந்தால் ஒருவர் உட்கார்ந்து எழுத்தெழுத்தாகப் படித்தே ஆக வேண்டும். ஒருங்குறி மாற்றியை நம்பி அனுப்பினால் "கொ", "கௌ" இரண்டும் காலை வாரும். சொல்லை வரி ஓரத்தில் உடைக்காதீர்கள். நீளமான புணர்ச்சிச் சொல்லைப் பிரித்து எழுதுங்கள். எந்த வயதுக்கு எவ்வளவு என்று திகைப்பாக இருந்தால் தமிழ்நாடு அரசின் வாசிப்பு இயக்கப் புத்தகங்களில் நுழை, நட, ஓடு, பற என்ற நாலு படிநிலையையும் ஒன்றன் பக்கத்தில் ஒன்று வைத்துப் பாருங்கள். ஒரு பக்கத்துக்கு எத்தனை சொல் தாங்கும் என்பது கண்ணுக்கே தெரியும்.

கிரவுன்கால்:

நன்றி. ஓவியருக்கு 7.25×9.5 என்று சொல்லிவிட்டேன். அவர் எல்லாமே இரண்டு பக்கம் விரிந்த படமாகத் திட்டமிட்டிருக்கிறார். டேப்லெட்டில் வரைகிறார். ஏதாவது கவனிக்க வேண்டுமா?

அச்சுமேசை:

24 பக்கத்தில் 12, 13 மட்டும்தான் ஒரே தாளில் பக்கத்தில் பக்கமாக அச்சாகும். மற்ற விரிபடங்கள் எல்லாம் இரண்டு வெவ்வேறு இலையில் வந்து பைண்டிங்கில் சேருபவை. நடுவில் அரை மில்லி ஏறி இறங்கும், நிறத்திலும் சின்ன வித்தியாசம் வரும். எனவே முகம், கண், கை கோத்த விரல் எதுவும் நடுமடிப்பில் வேண்டாம். மெல்லிய சாய்கோடு, கயிறு, கொடிக்கம்பி மடிப்பைக் கடந்தால் முறிந்து தெரியும். வானம், புல்வெளி கடந்தால் யாருக்கும் தெரியாது. நிறம் ரொம்ப முக்கியமான படத்தை 12–13இல் வைக்கச் சொல்லுங்கள்.

நாலு பக்கமும் ப்ளீட் (வெட்டுக்கோட்டுக்கு வெளியே படம் நீளும் பகுதி) 3 மில்லி, முக்கியமான எதுவும் ஓரத்திலிருந்து 8 மில்லி உள்ளே. அச்சாகும் அளவிலேயே 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி). ஆர்ஜிபியில் (திரையின் நிறமுறை) வரைந்தால் பளீர் கிளிப்பச்சையும் மின்நீலமும் அச்சில் செத்துப்போகும். தொடக்கத்திலேயே சிஎம்ஒய்கே (அச்சின் நாலு நிறமுறை) பிரிவ்யூவில் வைத்து வரையட்டும். ராத்திரிக் காட்சி இருந்தால் நாலு நிற மையின் அளவும் கூடி 300 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் மை காயாமல் அடுத்த தாளின் முதுகில் ஒட்டும். அப்படிப்பட்ட ஃபாரத்தை ஓட்டிய அன்றே மடிக்க விடாதீர்கள், ஒரு நாள் காயட்டும்.

பிளேட்டுக்கு முன் ஒரு வெள்ளை டம்மி (வெற்றுத்தாளில் மாதிரிப் புத்தகம்) மடித்துப் பக்க எண் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சதா எல்லாரும் சொல்வது, சதா எல்லாரும் தவிர்ப்பது.

உரிமைத்தாள்:

பழைய நூல்களின் உரிமை பற்றிய கடைசிக் கேள்வியை யாரும் தொடவில்லை. தானாக வராது.

தனி உரிமையாளர் நிறுவனம் என்பது சட்டத்தின் கண்ணில் அப்பாதான். ஒப்பந்தங்கள் அவரோடு போட்டவை. பங்குதாரர் நிறுவனத்துக்கு பான் எண்ணே வேறு. பங்குதாரர் ஒப்பந்தப் பத்திரத்தில் "தொழிலும் சரக்கும்" என்று மட்டும் எழுதினால் போதாது. நூல் தலைப்புகளின் பட்டியலை இணைத்து, அவற்றின் பதிப்புரிமையை அப்பா நிறுவனத்துக்கு எழுத்து மூலம் மாற்றித் தருவதாகத் தனி ஆவணம் போடுங்கள். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, எழுத்தில் கையெழுத்தோடு இல்லாத மாற்றம் செல்லாது என்கிறது. அப்பா இருக்கும்போதே செய்துவிட்டால் ஒரு நாள் வேலை. பிறகு என்றால் வாரிசுகள் எல்லாரும் கையெழுத்திட வேண்டியிருக்கும்.

அதற்கு முன், அப்பாவிடம் எது இருக்கிறது என்று பாருங்கள். அவரிடம் இல்லாததை அவர் மாற்றித் தர முடியாது. பழைய பதிப்பகங்களில் இருப்பது பெரும்பாலும் "கதை ஒன்றுக்கு ரூபாய் இவ்வளவு பெற்றுக்கொண்டேன்" என்ற வவுச்சர். 1994 திருத்தம் அமலுக்கு வந்த பிறகு எழுதிய ஆவணத்தில் காலம் சொல்லாவிட்டால் ஐந்து ஆண்டு, எல்லை சொல்லாவிட்டால் இந்தியா மட்டும் என்றுதான் கொள்ளப்படும். ஆக அந்த நூல்களுக்கு எழுத்தாளரிடமோ வாரிசிடமோ புதிதாக ஒரு ஒப்பந்தம் வாங்குவதே வழி. எழுத்தாளர் நாட்டுடைமை ஆக்கப்பட்டவர் என்றால் எழுத்துக்கு அனுமதி வேண்டாம். ஆனால் பழைய பதிப்பில் உள்ள படங்கள் வேறொருவருடையவை, ஓவியர் இறந்து 60 ஆண்டு ஆகும் வரை அவருக்கும் வாரிசுக்கும் உரிமை உண்டு. இதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள்.

புது ஓவியருக்கு: காசு கொடுத்து வரையச் சொன்னால் படம் நமக்கே சொந்தம் என்று 17ஆம் பிரிவைக் காட்டி வாதாடலாம். டேப்லெட்டில் வரைந்த படம் அதற்குள் அடங்குமா என்பது வழக்கறிஞர்களுக்குத் தீனி. இரண்டு பக்க ஒப்பந்தம் மலிவு. எந்தெந்த மொழி, எத்தனை ஆண்டு, எந்தெந்த நாடு, மின்னூல் உண்டா, பொம்மை, நாட்காட்டி, ஸ்டிக்கர் உண்டா என்று ஒவ்வொன்றையும் எழுதுங்கள். வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் அது கைவிட்டுப் போகும், வேறு மாதிரி எழுதியிருந்தால் தவிர. ஆகவே அந்தக் காலத்தையும் எழுதிவிடுங்கள். ஓவியர் பெயர் அட்டையில் வர வேண்டும். பெயர் உரிமையை 57ஆம் பிரிவு அவரிடமே வைத்திருக்கிறது, பதிப்புரிமையை விற்றாலும் அது போகாது.

ஐஎஸ்பிஎன் (நூலின் சர்வதேச அடையாள எண்) தமிழுக்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு ஒன்று. டெல்லியில் உள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையின் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும், கட்டணம் இல்லை. நிறுவன அமைப்பு மாறியதையும் அங்கே பதிவுசெய்யுங்கள். வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கு ஒரு பிரதி, சென்னை கன்னிமாராவுக்கும் மும்பை, டெல்லி நூலகங்களுக்கும் ஒவ்வொன்று. 1954 சட்டம், நம் ஆட்கள் மறந்தே போனது.

கடைக்கழிவு:

விலை பற்றி. ஒரு பிரதியின் அடக்கச் செலவைப் போல நாலரை முதல் ஐந்து மடங்குக்குக் கீழே போகாதீர்கள். ஒரு பேச்சுக்கு அடக்கம் 32 ரூபாய், விலை 150 என்று வையுங்கள். விநியோகஸ்தருக்கு 50 சதவீதம், 75 போச்சு. எழுத்தாளருக்கும் ஓவியருக்கும் விலையில் ஐந்தைந்து சதவீதம், 15. அடக்கம் 32. மீதி 28இல்தான் கிடங்கு, பார்சல், திரும்பி வரும் பிரதி, உங்கள் மூவர் சம்பளம். நேரடி விற்பனையில் சென்னைப் புத்தகக் காட்சியில் பத்து சதவீதக் கழிவு போக மீதி கையில் நிற்கும், ஆனால் அரங்கு வாடகையும் ஆள் கூலியும் அதில்தான்.

படப்புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது, சிறுவர் படப்புத்தகம், வண்ணம் தீட்டும் புத்தகம் எல்லாம் 4903 என்ற வரிக் குறியீட்டில் வரும். கேட்க இனிக்கும். ஆனால் விற்பனைக்கு வரி இல்லாததால் தாளுக்கும் அச்சுக்கும் கட்டிய வரி திரும்ப வராது. அச்சகம் தரும் விலையில் வரி சேர்ந்திருக்கிறதா என்று கேட்டு, அதையும் அடக்கத்தில் போடுங்கள். ராயல்டி மீதான வரியை ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள்.

நூலக ஆணையை (அரசு நூலகங்களுக்கு மொத்தமாக வாங்குவது) நம்பி 2000த்தை 3000 ஆக்க வேண்டாம். அங்கே விலை ஃபாரக் கணக்கில்தான் வந்துகொண்டிருந்தது, 24 பக்கம் என்பது ஒன்றரை ஃபாரம்தான். ஆர்ட் பேப்பர் புத்தகம் மழைக்காலத்தில் தரையில் அடுக்கினால் பக்கம் பக்கமாக ஒட்டிக்கொள்ளும். கட்டுக்கு 50 பிரதி, பாலித்தீன் சுற்றி, மரப்பலகை மேல். சென்டர் பின் துருப்பிடிக்காத கம்பியா என்று பைண்டரிடம் கேளுங்கள். கடலோர ஊர்க் கடைகளிலிருந்து திரும்பி வரும் பிரதிகள் பலவற்றுக்குக் காரணம் அந்தத் துருவின் பழுப்புக் கறை.