சோப்புத் தூள் கரையாமல் தட்டிலேயே நிற்கிறதா? எங்கள் அனுபவங்கள்

மூன்று வாரங்களாக ஒவ்வொரு சலவை முடிந்ததும் சோப்புத் தட்டில் பாதித் தூள் களியாக உறைந்து கிடந்தது. முன்பக்கக் கதவு கொண்ட மெஷின், ஆறு வருடமாக உழைக்கிறது. தூளை மாற்றினேன், அளவைக் குறைத்தேன், தட்டை உருவி வெந்நீரில் ஊறவைத்துத் தேய்த்தேன். இரண்டு சலவை ஒழுங்காகப் போகும், மூன்றாவதில் பழையபடி களி. துணியில் வெள்ளைத் திட்டு வேறு.

தட்டையே குறை சொல்லிக்கொண்டிருந்த எனக்கு ஒரு நாள்தான் உறைத்தது: தூளைக் கரைத்து உள்ளே தள்ளுவது மேலிருந்து விழும் தண்ணீர். அது எப்படி விழுகிறது என்று நான் ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. தட்டை முழுதாக வெளியே எடுத்துவிட்டு, அந்தப் பொந்துக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். கூரையில் வரிசையாகச் சிறு துளைகள். பாதிக்கு மேல் வெள்ளை உப்பு படிந்து மூடியிருந்தன. பழைய பல் பிரஷை வினிகரில் நனைத்துத் தேய்த்தேன், பிடிவாதமானவற்றைப் பல்குச்சியால் குத்தித் திறந்தேன். இந்த வேலையின்போது ப்ளீச் பக்கமே போகாதீர்கள். வினிகரும் ப்ளீச்சும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். பொந்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டிருக்கிற நேரத்தில் அது மிகவும் ஆபத்து.

துளைகள் திறந்தும் தண்ணீர் நூலாகத்தான் இறங்கியது. பிளக்கைப் பிடுங்கி, குழாயை மூடி, பின்புற ஹோஸைக் கழற்றினேன். அதன் முனையை ஒரு வாளிக்குள் விட்டுக் குழாயைத் திறந்தால் நல்ல வேகம். அப்படியானால் அடைப்பு மெஷினின் வாயில்தான். ஹோஸ் மாட்டும் இடத்தில் சிறிய வலை வடிகட்டி ஒன்று இருக்கிறது. குறடால் மெல்லப் பற்றி இழுத்தால் வந்துவிடும். துருவும் மணலும் அப்பி, ஒளிகூடப் புகாதபடி இருந்தது. கழுவித் திரும்பப் பொருத்தினேன். தொல்லை பிடித்த வலை என்று அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அந்த மணல் நேராக வால்வுக்குள் போய்விடும். அன்றைய சலவையிலேயே தட்டு சுத்தமாகக் காலியானது.

* * *

எனக்குத் தூளில் பிரச்சினை இல்லை, துணியை மென்மையாக்கும் திரவம் ஊற்றும் அறையில்தான். எப்போது திறந்தாலும் அது நிறையத் தண்ணீர். அந்த அறை வடிகுழாய்த் தத்துவத்தில் இயங்குகிறது: தண்ணீர் ஒரு மட்டத்தைத் தாண்டியதும், நடுவிலுள்ள சிறு குழல் வழியாக எல்லாம் ஒரே மூச்சில் உறிஞ்சப்பட்டு வடியும். குழலுக்கு மேல் ஒரு மூடி இருக்கும். அதைக் கழற்றியபோது உள்ளே திரவம் கூழாக இறுகியிருந்தது. வெந்நீரில் அரை மணி நேரம் ஊறியதும் சரியாகிவிட்டது. அடியில் ஒரு ஸ்பூன் அளவு தண்ணீர் மிஞ்சுவது இயல்பு, அதற்காகக் கவலைப்பட வேண்டாம். கோட்டைத் தாண்டி ஊற்றினால் மட்டும் திரவம் முதல் சலவையிலேயே வடிந்து வீணாகும்.

திரவம் அசையாமல் ஊற்றியபடியே இருந்தால் கதை வேறு. பல மெஷின்களில் இரண்டு வால்வுகள் ஒரே நேரத்தில் திறந்து, இரண்டு நீர்த்தாரைகள் மோதித் திரும்பித்தான் அந்த அறைக்குள் விழுகின்றன. ஒரு வால்வு செத்துவிட்டால் தாரை திசை மாறாது. திரவத்தைத் தண்ணீர் தொடாது. அந்த இடத்தில் நான் கை வைக்கவில்லை, பழுது பார்ப்பவரை அழைத்தேன்.

* * *

என் அம்மா புது மெஷினில் ஒரு மாதம் பட்ட பாட்டுக்குக் காரணம் ஒற்றைக் கோடு. ஒற்றைக் கோடு போட்ட அறை முன்சலவைக்கு. இரட்டைக் கோடு போட்டதுதான் வழக்கமான சலவைக்கு. அவர் ஒற்றைக் கோட்டில் தூளைக் கொட்டினார். முன்சலவையைத் தேர்ந்தெடுக்காததால் அங்கே தண்ணீரே வரவில்லை. பழுது என்று புகார் கொடுக்கும் முன் இதை ஒரு முறை பாருங்கள்.

* * *

முதலில் எழுதியவன்தான். வடிகுழாய் மூடியைப் பற்றிப் படித்ததும் போய்க் கழற்றினேன். ஆறு வருடத்தில் அது கழலும் என்றே எனக்குத் தெரியாது. உள்ளே முழுக்கக் கரும்பூஞ்சை. இப்போது வெந்நீரில் ஊறிக்கொண்டிருக்கிறது. சொன்னவருக்கு மிக்க நன்றி.