போர்ஷே 917 என்ஜின்: பவரை கிராங்கின் நடுவிலிருந்து எடுத்தது ஏன்?

பிஸ்டன்பிரியன்:
வணக்கம். 1969-இல் வந்த போர்ஷே 917 ரேஸ் காரின் 12 சிலிண்டர் என்ஜினை கம்ப்யூட்டரில் வரைகிறேன். பிறகு 3டி பிரிண்ட் எடுக்க வேண்டும். இரண்டு இடத்தில் முட்டி நிற்கிறது. பிஸ்டனை கிராங்குடன் (என்ஜினின் சுழலும் முக்கியத் தண்டு) இணைக்கும் கனெக்டிங் ராடுக்கு ஒன்றாக 12 கிராங்க் பின் (ராடு பிடிக்கும் முளை) வைத்தால் என்ஜின் படத்தில் இருப்பதைவிட நீளமாக வருகிறது. அடுத்து, கிராங்கின் நடுவில் ஒரு பெரிய கியர், அதன் கீழே தனி ஷாஃப்ட். பவர் அதன் வழியாகத்தான் கிளட்சுக்குப் போகிறது. ஓரத்திலிருந்தே எடுத்திருக்கலாமே?

லேத்துப்பட்டறை:
தம்பி, பின் 6 போதும். எதிரெதிர் சிலிண்டர்களின் ராடுகள் இரண்டும் ஒரே பின்னில் உட்காரும். பார்க்க பாக்ஸர் (ஒவ்வொரு ராடுக்கும் தனிப் பின் உள்ள படுக்கை என்ஜின்) மாதிரி இருந்தாலும் இது 180 டிகிரிக்கு விரித்த வி12. கிராங்கைத் தாங்கும் மெயின் பேரிங் 8. அதில் இரண்டு அந்த நடுக் கியரை இருபுறமும் பிடித்திருக்கும்.

உங்கள் இரண்டாவது கேள்விதான் இந்த என்ஜினின் உயிர்நாடி. நீளமான கிராங்க் ஒவ்வொரு வெடிப்புக்கும் கொஞ்சம் முறுக்கிக்கொண்டு திரும்பும். 12 சிலிண்டர் நீளத்துக்கு அந்த முறுக்கதிர்வு ஓரங்களில்தான் அதிகம். முனைகள் எதிரெதிராக ஆடும்போது நடுப்பகுதி ஏறக்குறைய சும்மா இருக்கும். வடிவமைப்பாளர் ஹான்ஸ் மெட்ஸ்கர் அந்த அமைதியான இடத்தில் பவரை எடுத்தார். ஒவ்வொரு பாதியும் குட்டையான ஆறு சிலிண்டர் கிராங்க் போல வேலை செய்யும். வால்வுகளைத் திறக்கும் நான்கு கேம்ஷாஃப்டுகளுக்கும் இயக்கம் நடுவிலிருந்துதான் போகிறது. எவ்வளவு தெளிவான தீர்வு!

அளவு வேண்டுமானால்: போர் (சிலிண்டரின் விட்டம்) 85 மிமீ, ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 66 மிமீ. முந்தைய ரேஸ் காரான 908-இன் எட்டு சிலிண்டர் என்ஜினிலும் இதே அளவுதான். ஒரு சிலிண்டரின் கொள்ளளவை 12-ஆல் பெருக்கினால் 4,494 சிசி.

பிஸ்டன்பிரியன்:
அருமை அண்ணா, நீளம் சரியாகிவிட்டது! ஹெட்டில் சிலிண்டருக்கு இரண்டு வால்வுதான் தெரிகிறது. ரேஸ் என்ஜினுக்கு ஏன் நான்கு வைக்கவில்லை?

காற்றுவழி:
சூடுதான் காரணம். இது காற்றில் குளிரும் என்ஜின். நான்கு வால்வு வைத்தால் நடுவில் காற்று நுழைய இடமே இருக்காது, சூட்டை வெளியேற்றும் ஃபின்களை எங்கே வைப்பது? அதனால் இரண்டு வால்வு, இரண்டு ஸ்பார்க் பிளக். மொத்தம் 24 பிளக். போர்ஷே 1978-இல் 935/78 ரேஸ் காருக்கு நான்கு வால்வு ஹெட் செய்தபோது ஹெட்டுக்கு மட்டும் தண்ணீர் கொண்டுவந்தது. சிலிண்டர்கள் அப்போதும் காற்றில்தான் குளிர்ந்தன.

என்ஜினுக்கு மேலே படுக்கைவசமாக இருக்கும் விசிறியை விட்டுவிடாதீர்கள். பெவல் கியர் (சுழற்சியின் திசையைத் திருப்பும் சாய்வுப் பல்சக்கரம்) வழியாகச் சுற்றும் அந்த விசிறி காற்றை மேலிருந்து கீழே எல்லா சிலிண்டருக்கும் தள்ளும். அதுவே சுமார் 17 குதிரைத்திறனைத் தின்றுவிடும். பெரிய ரேடியேட்டரும் குழாயும் தண்ணீரும் சுமப்பதோடு ஒப்பிட்டால் எனக்கு அது நியாயமான விலையாகவே படுகிறது. சூட்டில் ஒரு பங்கை ஆயிலும் எடுத்துப்போகும், ஆகவே காரின் மூக்கில் ஆயில் கூலரும் வரையுங்கள்.

லேத்துப்பட்டறை:
இன்னொன்று. 1971-இல் ஓடிய 5 லிட்டர் என்ஜினை வரைவதானால் போர் 86.8, ஸ்ட்ரோக் 70.4. சிலிண்டர் சுவரில் நிக்காசில் (நிக்கலும் சிலிக்கான் கார்பைடும் சேர்ந்த) பூச்சு வந்ததும் அதில்தான். 1973-இன் 917/30-இல் 5.4 லிட்டரும் இரட்டை டர்போவும் சேர்ந்து சுமார் 1,100 குதிரைத்திறன். அப்போதும் காற்றுக் குளிர்ச்சி, அதே நடுக் கியர். எந்த வருடத்து என்ஜின் என்று முதலில் முடிவு செய்துவிட்டு சிலிண்டரை வரையுங்கள். எல்லாம் தனித்தனி சிலிண்டர்தான், ஒன்றை வரைந்து நகலெடுத்தால் போதும்.

பிஸ்டன்பிரியன்:
1970-இல் போர்ஷேவுக்கு லெ மான் 24 மணி நேர ரேஸில் முதல் ஒட்டுமொத்த வெற்றியைத் தந்த 4.5 லிட்டரையே வரைகிறேன். மிக்க நன்றி, இருவருக்கும்.