ஓசிடி மதிப்பெண் 28லிருந்து 20. நிஜமாகவே குறைந்திருக்கிறதா?

மலைக்கோட்டைவாசி:
என் கணவருக்கு ஓசிடி, அதாவது வேண்டாத எண்ணம் விடாமல் வந்து, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கிற மனநோய். கேஸ், வாசல் பூட்டு, மோட்டார் சுவிட்ச், இந்த மூன்றும்தான் அவரைப் படுத்துகிறது. ரெகுலேட்டரைத் திருகுவார், விரலால் தடவுவார், போன் டார்ச் அடித்துப் பார்ப்பார், அப்புறம் மறுபடி முதலிலிருந்து. மாத்திரை ஆரம்பித்தபோது டாக்டர் ஒய்-பாக்ஸ் என்று கேள்விகள் கேட்டு 28 என்று எழுதினார். இப்போது 20. நல்ல முன்னேற்றம் என்கிறார். ஆனால் ராத்திரி கேஸ் மூடுவதும் பூட்டுவதும் இப்போது நான்தான். மூடியதும் வாய்விட்டுச் சொல்லணும், சில நாள் பூட்டைப் போட்டோ எடுத்துக் காட்டணும். அப்படியென்றால் எட்டு மதிப்பெண் எப்படிக் குறைந்தது? சுகர் மாதிரி ரத்தத்தில் பார்க்க வழியே இல்லையா?

ராஜவாய்க்கால்:
ரத்தத்திலும் தெரியாது, ஸ்கேனிலும் தெரியாதுங்க. கேட்டுத்தான் கண்டுபிடிக்கணும்.

நீலமை:
மனநலப் பிரிவில் உளவியலாளர் வேலை, இந்தக் கேள்வித்தாளோடுதான் பிழைப்பு. 1989இல் குட்மன் குழுவினர் வெளியிட்டது. பத்துக் கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4, மொத்தம் 40. முதல் ஐந்து எண்ணங்களைப் பற்றி, அடுத்த ஐந்து செயல்களைப் பற்றி. எவ்வளவு நேரம் போகிறது, வேலை எவ்வளவு கெடுகிறது, எவ்வளவு தவிப்பு, எவ்வளவு எதிர்க்கிறார், எவ்வளவு கட்டுப்படுகிறது. கேஸா, அழுக்கா, சாமி பற்றிய கெட்ட நினைப்பா என்பதற்கு மதிப்பெண் கிடையாது. 16–23 நடுத்தரம், 24–31 கடுமை. ஆக 20 என்றால் ஒரு படி இறங்கியிருக்கிறார், அது பொய்யில்லை. ஆனால் சிகிச்சை நன்றாகக் கேட்டது என்று சொல்ல வழக்கமாக 35 சதவீதமாவது குறைய வேண்டும். 28லிருந்து 18க்கு வந்திருக்கணும். இது பாதி வழி.

உங்கள் சந்தேகம் சரியான இடத்தில்தான் விழுந்திருக்கிறது. ஆறாவது கேள்வி, செயல்களுக்கு எவ்வளவு நேரம் போகிறது என்பது. அவர் செய்வதை நீங்கள் செய்துவிட்டால் அது தானாக இறங்கிவிடும். எட்டாவது கேள்வி, செய்யவிடாமல் தடுத்தால் எவ்வளவு பதறுவார் என்பது. அது இறங்கியிருக்கிறதா? மொத்தத்தை விடுங்கள், எந்தக் கேள்வியில் குறைந்தது என்று டாக்டரிடம் கேளுங்கள். பூட்டும் வேலையை நீங்கள் எடுத்துக்கொண்டதையும் சொல்லுங்கள். வீட்டார் எவ்வளவு வளைந்து கொடுக்கிறார்கள் என்று அளக்கத் தனிக் கேள்வித்தாளே இருக்கிறது. என்னைக் கேட்டால் இரண்டையும் ஒரே நாளில் எடுக்க வேண்டும்.

ஈரக்கை:
நான் கை கழுவுகிற ஆள். தினமும் எவ்வளவு நேரம் என்று கேட்டால் அரை மணி என்பேன். அம்மா பைப் சத்தத்தை வைத்து இரண்டு மணி என்பாங்க. அந்த நேரக் கேள்விக்கு என் கணக்கில் மதிப்பெண் 1, அம்மா கணக்கில் 2. அதனால் எங்க டாக்டர் அம்மாவையும் உள்ளே கூப்பிட்டுத்தான் கேட்பார். இன்னொன்று, மனசுக்குள் எண்ணுவது, மந்திரம் மாதிரி ஒரே வரியைத் திருப்பிச் சொல்வது எல்லாம்கூடச் செயல் கணக்குதான். சும்மா உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும், உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். உங்க வீட்டுக்காரரிடம் அதையும் கேட்கச் சொல்லுங்க அக்கா.

மலைக்கோட்டைவாசி:
உள்ளே ஓடுவது எனக்குத் தோன்றவே இல்லை தம்பி. நீலமை, அப்படியென்றால் இன்றிரவே பூட்டுவதை நிறுத்திவிடட்டுமா?

நீலமை:
வேண்டாங்க. சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்தினால் சண்டையில்தான் முடியும். மாத்திரையோடு, பயத்தை எதிர்கொண்டு சடங்கைச் செய்யாமல் இருக்கும் பயிற்சியும் இருக்கிறது. அதைத் தருகிறவர் இருக்கிறாரா என்று டாக்டரிடமே கேளுங்கள். அங்கே உங்கள் கணவர் சம்மதத்தோடு, எதை முதலில் நிறுத்துவது என்று வரிசை போடுவார்கள். முதலில் போட்டோ, அப்புறம் வாய்விட்டுச் சொல்வது, கடைசியில் பூட்டு. இடையில் மதிப்பெண் கொஞ்சம் ஏறலாம், பயந்து மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.