பழைய மாவு, நசுங்கின டின்: வச்சுக்கலாமா?

நேத்து அலமாரிய ஒழிச்சப்போ தேதி தாண்டின சாமான் நிறைய கிடைச்சுது. உப்பு, சர்க்கரை ஈரம் படாம இருந்தா கெடாது, தேன் அடியில உறைஞ்சிருக்கு ஆனா வெதுவெதுப்பான தண்ணில வச்சா இளகிடும், அதுல பயமில்ல. மூடி உப்பியிருந்த ஒரு டின்ன திறக்காமலே தூக்கிப் போட்டுட்டேன், பொட்டுலிசம் கிருமியோட விஷம்னா உயிருக்கே ஆபத்து, மோந்து பாத்தாலும் தெரியாது.

சந்தேகம் முழு கோதுமை மாவுலதான். 5 மாசம் தாண்டிருச்சு, பூச்சி இல்ல, கட்டி இல்ல, ஆனா உள்ளங்கைல வச்சு தேய்ச்சா லேசா காறல் வாடை வருது. தவிட்டுல இருக்கற எண்ணெய் கெட்டா இப்படி ஆகும்னு தெரியும், வறுத்தா சரியாகுமா இல்ல போட்டுடவா? சின்னப் பிள்ளைங்க சாப்பிடற வீடு. இன்னொரு டின் மூடியும் டின்னும் சேர்ற விளிம்பு மடிப்புப் பக்கம் நசுங்கியிருக்கு, உப்பல, கசியல, அத என்ன பண்ண? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.