தங்கச்சி மகளுக்கு மோர்ச்சுவரியில் வேலை: விடலாமா, தடுக்கலாமா?

ஜெலுத்தோங்காரன்

வணக்கம். வீட்டில் நாலு நாளாகச் சண்டை. நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கிறேன், அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

என் தங்கச்சி மகளுக்கு வயது 24. பட்டர்வொர்த்தில் ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தில் இரண்டு வருடமாக இரத்தம் எடுக்கிறாள். இப்போது அரசாங்கத்தில் பிபிகே என்கிற சுகாதாரப் பராமரிப்பு உதவியாளர் வேலை கிடைத்திருக்கிறது. போட்ட இடம் பினாங்குத் தீவில் ஓர் ஆஸ்பத்திரி, தடயவியல் பிரிவு. அதாவது பிலிக் மாயாட், பிணவறை. வருகிற உடலை வாங்கிப் பெட்டியில் வைப்பது, பிரேதப் பரிசோதனையில் டாக்டருக்கு உதவுவது, தைத்துக் கழுவி வீட்டாரிடம் ஒப்படைப்பது, இதுதான் வேலை.

தங்கச்சி அழுகிறாள். மச்சான் மகளிடம் பேசுவதையே விட்டுவிட்டார். பிள்ளை மட்டும் "மாமா, நான் போறேன்" என்று ஒரே பிடியில் நிற்கிறாள். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

செந்தூல் அக்கா

தம்பி, சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். விடாதீர்கள்.

நாளைக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது "பொண்ணு எங்க வேல செய்யுது?" என்பார்கள். ஆஸ்பத்திரி என்று சொல்லிவிடலாம். அடுத்து "எந்த வார்டு?" என்று வரும். என்ன சொல்வீர்கள்? சாவு வீட்டுக்கு ஒரு மணி நேரம் போய் வந்தாலே தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் நாம் வீட்டுக்குள் நுழைகிறோம். நாள் முழுக்க அதிலேயே நிற்கிற பிள்ளை வெள்ளிக்கிழமை விளக்கு ஏற்றுவதா? இப்போது பார்க்கிற வேலைக்கு என்ன குறை? சுத்தமான வேலை, நாலு பேர் மதிக்கிற வேலை.

குட்டிச்சாத்தான்

வெட்டியான் வேலைக்கு எஸ்பிஎம் பரீட்சை எதுக்கு? 😂

பழைய டிரெஸர்

குட்டிச்சாத்தானுக்கு: அந்த வேலையில் நான் 12 வருடம் இருந்தேன். மொத்தம் 31 வருட ஆஸ்பத்திரி உத்தியோகம். வெட்டியான் என்று திட்டினால் எனக்கு வலிக்காது தம்பி, அவரும் ராத்திரி மூன்று மணிக்குக் கூப்பிட்டால் வருகிற ஆள்தான். (நான் டிரெஸர் இல்லை. எங்கள் தோட்டத்து டிரெஸரை, அதாவது மருத்துவ உதவியாளரைப் பார்த்துத்தான் ஆஸ்பத்திரிக்கே ஆசைப்பட்டேன், அதனால் இந்தப் பெயர்.)

செந்தூல் அக்காவுக்கு: இரத்தம் எடுப்பது சுத்தம், மோர்ச்சுவரி அசுத்தம் என்று பிரிக்கிறீர்கள். அங்கே நடப்பதைச் சொல்கிறேன், பிறகு நீங்களே பிரித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு தோளிலிருந்தும் நெஞ்சுக்கு வந்து சேர்ந்து, ஒரே கோடாக அடிவயிறு வரை இறங்கும் கீறல். விலா எலும்பின் முன்பக்கத்தை மூடிபோல் எடுப்போம். உறுப்புகளை வெளியே எடுத்து ஒவ்வொன்றாகத் தராசில் வைப்போம். டாக்டர் எடையைச் சொல்லச் சொல்ல ஒருவர் பலகையில் எழுதுவார். பெரிய ஆளின் இதயம் ஏறத்தாழ 300 கிராம். அதுவே 500 காட்டினால் டாக்டர் கொஞ்சம் நின்று திரும்பப் பார்ப்பார். தலைக்கு, ஒரு காதின் பின்னாலிருந்து உச்சி வழியாக மறு காதின் பின்புறம் வரை தோலைக் கீறி, முன்னும் பின்னும் மடக்கிவிட்டு, அதிர்வு ரம்பத்தால் மண்டையோட்டைத் திறப்போம். அப்புறம் எல்லாவற்றையும் திரும்ப வைத்து, தைத்து, கழுவி, துடைத்து, உடுத்தி அனுப்ப வேண்டும். முடிவு சொல்வது டாக்டர். தைப்பதும் கழுவுவதும் பெரும்பாலும் நாங்கள்தான்.

அப்புறம் அங்கேயும் இரத்தம் எடுக்கிறோம், தெரியுமா? விஷமா, மதுவா, போதை மருந்தா என்று பார்க்கத் தொடை இடுக்கில் உள்ள இரத்தக்குழாயில் எடுப்பார்கள். நெஞ்சில் எடுப்பதை மட்டும் நம்ப மாட்டார்கள். செத்த பிறகு ஈரலிலும் நுரையீரலிலும் இருக்கிற மருந்து மெல்லக் கசிந்து இதய இரத்தத்தில் கலந்துவிடும், அளவு கூடுதலாகக் காட்டும். கண்ணுக்குள் இருக்கிற நீரையும் கொஞ்சம் எடுப்பதுண்டு. இரத்தம் போகிற குழாய் அந்தப் பிள்ளை இப்போது தினமும் சர்க்கரைக்கு எடுக்கிற அதே சாம்பல் மூடிக் குழாய்தான். உள்ளே இருக்கிற சோடியம் ஃபுளோரைடு கிருமிகளை வேலை செய்ய விடாது. இல்லாவிட்டால் குடிக்காதவன் இரத்தத்திலும் குழாய்க்குள்ளேயே மது உண்டாகிவிடலாம்.

ஊசிக்காரி

டிரெஸர் ஐயா சொன்னதில் தப்பில்லை. ஆனாலும் நானும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அக்கா சொல்கிற காரணத்துக்காக இல்லை. கோலாலம்பூரில் ஒன்பது வருடமாக ஊசி பிடிக்கிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

சாம்பல் மூடி ஒன்றுதான் என்பதற்காக வேலையும் ஒன்றாகிவிடாது ஐயா. செத்தவருக்கு நரம்பு ஓடி ஒளியாது. (இரத்தக்குழாயைத்தான் நாம் எல்லாரும் நரம்பு என்கிறோம், எத்தனை வருடம் ஆனாலும் என் வாயிலும் அதுதான் வருகிறது.) காலையில் டயாலிசிஸ் பாட்டி வருவார், கை முழுக்கத் தழும்பு. கட்டுப்பட்டையை ஒரு நிமிடத்துக்கு மேல் வைத்தால் முடிவு மாறும். அதற்குள் கண்ணால் தேடாமல் விரல் நுனியால் அமுக்கி, ரப்பர் மாதிரி எகிறுகிற இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். பாட்டி கதை பேசிக்கொண்டே இருப்பார். நீல மூடி முதலில், ஊதா மூடி பின்னால், வரிசை மாறக்கூடாது. ஊதாக் குழாயில் இருக்கிற, இரத்தம் உறையாமல் தடுக்கும் இடிடிஏ ஒரு துளி அடுத்த குழாயில் கலந்தாலும் பொட்டாசியம் எகிறும், கால்சியம் இறங்கும். வார்டில் நல்லாயிருக்கிற ஆளுக்கு ஆபத்து என்று டாக்டர் ஓடி வருவார்.

இந்த விரல் பழக்கம் ஆறு மாதம் விட்டால் போய்விடும். எனக்குப் பிரசவ விடுப்பிலேயே போனது. திரும்பி வந்த முதல் வாரம் ஒரே ஆளை மூன்று தடவை குத்தினேன், அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. மோர்ச்சுவரியில் இரண்டு வருடம் இருந்துவிட்டு "பிடிக்கவில்லை, பழைய வேலைக்கே போகிறேன்" என்றால் அந்தப் பிள்ளை மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

ஆபத்தும் இருக்கிறது. காசநோய்க்காரரின் நுரையீரலை அறுக்கும்போது காற்றில் வருவது சாதாரண முகக்கவசத்துக்கு அடங்காது, என்95 வேண்டும். உறுப்புகளைப் பதப்படுத்துகிற ஃபார்மலின் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவே சொல்லிவிட்டது. உடலைத் தூக்கித் தூக்கி முதுகு போகும். 45 கிலோ பிள்ளை 90 கிலோவைத் தட்டிலிருந்து மேசைக்கு இழுக்கப் போகிறதா?

பழைய டிரெஸர்

முதுகு விஷயம் உண்மை. எனக்கே இடுப்பில் பெல்ட். உருளைப் பலகையும் தூக்கும் இயந்திரமும் இருக்கிறதா என்று முதல் நாளே கேட்கச் சொல்லுங்கள். இருக்கும், பல இடத்தில் மூலையில் பூட்டிக் கிடக்கும்.

விரல் பழக்கம் போகும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் போகாத ஒன்று இருக்கிறது. பெயரும் ஐசி (அடையாள அட்டை) எண்ணும் சரிபார்க்காமல் ஊசியை எடுக்க மாட்டீர்கள் அல்லவா? மோர்ச்சுவரியில் அதுதான் பாதி வேலை. உங்களிடம் பாட்டி "என் பேரு இது இல்லம்மா" என்று சொல்லிவிடுவார். எங்களிடம் யார் சொல்வார்கள்? கால் கட்டை விரலில் கட்டிய சீட்டு ஒன்றுதான் பேசும். இரத்தம் எடுத்துப் பழகிய பிள்ளைகளுக்கு இந்தப் பயம் கையோடு வருகிறது, அதனால் எனக்கு அவர்களைப் பிடிக்கும்.

பாயான் வாத்தியார்

குறுக்கே ஒரு விஷயம். செத்தவரை அறுத்து என்ன ஆகப்போகிறது என்று என் வீட்டிலும் கேட்பார்கள். 1998 முடிவில் ஈப்போ பக்கம், அப்புறம் நெகிரி செம்பிலானில் பன்றிப் பண்ணைக்காரர்கள் மூளைக் காய்ச்சலில் விழுந்தார்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல், கொசு என்று புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். சாவு நிற்கவில்லை. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில்தான் இது புது வைரஸ் என்று கண்டார்கள், அதுதான் நிப்பா. நாட்டில் 105 பேர் போனார்கள். இறந்தவர்களின் மூளையைப் பார்த்தபோதுதான் சின்ன இரத்தக்குழாய்களையே அது தாக்கியிருப்பது தெரிந்தது. அந்த உடல்களையும் யாரோ ஓர் உதவியாளர்தான் மேசையில் ஏற்றியிருப்பார்.

செந்தூல் அக்கா

வாத்தியார், நிப்பா எனக்கும் ஞாபகம் இருக்கிறது. ஊருக்கு நல்லது என்பதும் புரிகிறது. என் கதை வேறு. சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

என் தம்பி மோட்டார் விபத்தில் போனான், 22 வயது. எந்த ஆஸ்பத்திரி என்று எழுத மாட்டேன். எங்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை, அறுத்துவிட்டார்கள். மறுநாள் மத்தியானம் வீட்டுக்குக் கொண்டுவந்து நடு வீட்டில் கிடத்தினோம். புது வேட்டி, புதுச் சட்டை. காலருக்கு மேலே சாக்குத் தைத்த மாதிரி தையல் தெரிந்தது. தலையணையில் கறை பரவிக்கொண்டே வந்தது, நான் துண்டை மாற்றி மாற்றி வைத்தேன். வகிடு வேறு இடது வலது மாறி இருந்தது. அம்மா "எம்புள்ளைக்கு இப்படி இல்லையே" என்று சீப்பை எடுத்துத் தலையை வாரப் போனார். வாரும்போது அவர் விரல் அந்தத் தையலில் பட்டுவிட்டது.

அம்மா அதற்கப்புறம் 11 வருடம் இருந்தார். தம்பியைப் பற்றி எப்போது பேசினாலும் அந்த விரலைத்தான் தடவிக்கொள்வார். தீட்டு, மாப்பிள்ளை என்று மேலே எழுதியதெல்லாம் இருக்கட்டும். அந்த அறையில் நம் வீட்டுப் பிள்ளை நிற்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான்.

பாயான் வாத்தியார்

மன்னிக்க வேண்டும் அக்கா. சம்மதம் பற்றி மட்டும்: விபத்து, கொலை, சந்தேகச் சாவு என்றால் குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி போலீஸ் கேட்டு நடக்கும், குடும்பத்தின் கையெழுத்து தேவையில்லை. வார்டில் நோயால் இறந்தவருக்குக் காரணம் அறிய டாக்டர் விரும்பினால் மட்டும்தான் குடும்பத்தைக் கேட்பார்கள். ஆனால் சம்மதம் வேண்டாம் என்பது வேறு, வாசலில் உட்கார்ந்திருக்கிறவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் இருப்பது வேறு.

பழைய டிரெஸர்

அக்கா, நான் அதற்குச் சமாதானம் சொல்லப் போவதில்லை. அது கெட்ட வேலை.

ஏன் அப்படி ஆகிறது என்று மட்டும் சொல்கிறேன். மண்டையோட்டை மூடுமுன் உள்ளே துடைத்துப் பஞ்சு வைக்க வேண்டும். தையல் நெருக்கமாக, உள்பக்கமிருந்து வெளியே குத்தி இழுத்துப் போக வேண்டும். ராத்திரி மூன்று உடல் வந்து ஓர் ஆள் நின்றால் தையல் தள்ளித் தள்ளி விழும். வண்டியில் ஏற்றும்போது தலை தாழ்ந்தால் கசியும். கழுத்துக்கு மேலே தையல் ஏறியதற்கு அதுகூடக் காரணம் இல்லை. கீறலைத் தோளோடு தொடங்கினால் சட்டைக்குள் மறைந்துவிடும். தலையிலும் காதுக்குப் பின்னால் கீறுவதே முடி மூடட்டும் என்றுதான்.

வகிடு பற்றி. எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒரு மலாய்க்காரப் பெரியவர், அவர் வழக்கம் என்னிடம் ஒட்டிக்கொண்டது. கழுவி முடித்ததும் ஐசியை வாங்கிப் படத்தைப் பார்ப்போம். வகிடு எந்தப் பக்கம், மீசை எப்படி என்று அதில் தெரியும். படம் பழசாக இருந்தால் வெளியே போய் வீட்டாரிடமே கேட்பேன். "தம்பி தலைய எப்படி வாருவாரு?" இதைக் கேட்டவுடன் அதுவரை அழாமல் நின்ற அப்பா அழுதுவிடுவார். ஆனால் பதில் சொல்வார்.

பெண்கள் வந்தால்தான் எனக்குச் சங்கடம். உடம்பு துடைக்கப் பெண் கை இல்லாமல், வார்டில் போய் மிசியை (தாதியை) கெஞ்சிக் கூட்டிவருவேன். ஒரு தடவை பொட்டு வைக்கச் சொல்லி ஒரு தாயார் குங்குமச் சிமிழைக் கொடுத்தார். எங்கே வைப்பது, எவ்வளவு பெரிதாக வைப்பது என்று தெரியாமல் பத்து நிமிடம் நின்றேன்.

ஊசிக்காரி

ஐயா, கடைசியில் சொன்னீர்களே, அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் வேலைக்குப் போவதென்றால் ஒரே நாளில் மோர்ச்சுவரியும் வார்டும் மாற்றி மாற்றிப் போடுவதற்கு அவள் சம்மதிக்கக்கூடாது. ஆள் பற்றாக்குறை என்று கேட்பார்கள். அதில் நான் இறங்கிவர மாட்டேன்.

பழைய டிரெஸர்

அதில் நானும் உங்கள் பக்கம்.

ஜெலுத்தோங்காரன்

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். பிள்ளை போய்விட்டாள். யாரும் சம்மதம் சொல்லவில்லை, திங்கட்கிழமை காலை அவளே ஃபெரி ஏறிவிட்டாள். முதல் வாரம் பதிவேடும் குளிர்பெட்டியும்தானாம். சட்டையில் வாடை ஒட்டுகிறது என்று வாசலிலேயே பையில் போட்டுக் கட்டிவிடுகிறாள். தங்கச்சி பின்பக்கக் குழாயடியில் வெந்நீர் வைக்கிறாள், ஆனால் பேசுவதில்லை. செந்தூல் அக்கா எழுதியதைப் பிள்ளைக்குப் படித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் அவள் கைப்பையில் சின்னச் சீப்பு ஒன்று இருந்தது.

செந்தூல் அக்கா

என் எண்ணம் மாறவில்லை தம்பி. ஹெபடைட்டிஸ் பி ஊசி மூன்றும் போட்டாளா?

ஜெலுத்தோங்காரன்

பழைய இடத்திலேயே போட்டாயிற்றாம் அக்கா. எதிர்ப்புச் சக்தி வந்ததா என்று மட்டும் யாரும் பார்க்கவில்லையாம்.

ஊசிக்காரி

போடாதவர் கையில் அந்த நோயாளியின் ஊசி குத்தினால் 100க்கு 30 பேர் வரை தொற்றலாம். போட்டும் சிலருக்கு எதிர்ப்புச் சக்தி பிடிப்பதில்லை. அளவு 10க்கு மேல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், மஞ்சள் மூடிக் குழாய் ஒன்று போதும்.

செந்தூல் அக்கா

நாளைக்கே எடுக்கச் சொல்லுங்கள்.