ஒன்றாம் வகுப்புக்கு எத்தனை பாடம் போதும்?

ராசிபுரம் அப்பா:
மகள் தனியார் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு. தமிழ், ஆங்கிலம், கணக்கு, சூழ்நிலையியல் போக இந்தி, கம்ப்யூட்டர், பொது அறிவு. எல்லாவற்றுக்கும் தனி நோட்டு, தனித் தேர்வு. 2018 நவம்பரில் மத்திய அரசின் சுற்றறிக்கை வந்தது: ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு மொழியும் கணக்கும் போதும், வீட்டுப்பாடம் கூடாது, பை ஒன்றரைக் கிலோவுக்குள் இருக்க வேண்டும். எந்தப் பள்ளி மதிக்கிறது?

நிலா அம்மா:
மொழியும் கணக்கும் மட்டும் என்றால் மழை, செடி, உடம்பு பற்றியெல்லாம் எப்போது படிப்பது? தமிழ்நாட்டு அரசுப் பாடத்திட்டத்திலேயே ஒன்றாம் வகுப்பில் சூழ்நிலையியல் இருக்கிறதே. இந்த வயதில் சொல்லிக்கொடுத்தால் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். என் பையன் எட்டுக் கோள்களையும் வரிசையாகச் சொல்கிறான்.

தொடக்கப்பள்ளி ஆசிரியை:
சூழ்நிலையியல் கட்டாயம் வேண்டும் சகோதரி. ஆனால் பெயர்களை ஒப்பிப்பது சூழ்நிலையியல் ஆகாது. நான் பிள்ளைகளை மைதானத்தில் இலை பொறுக்கச் சொல்வேன். சிறியது பெரியது பார்த்து அடுக்குவார்கள், பத்துப் பத்தாகக் கட்டுவார்கள். அது கணக்கு. இலையை நோட்டில் ஒட்டி, கீழே 'வேம்பு', 'முருங்கை' என்று எழுதினால் தமிழ். எதை ஆடு தின்னும், எதை நாம் சமைக்கிறோம் என்று பேச ஆரம்பித்தால் வகுப்பே கலகலக்கும். ஒரே வேலையில் மூன்று பாடமும் வந்துவிடும். 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலைக்கேற்பச் சொல்லித்தருகிறோம். 247 எழுத்தையும் வரிசையாகச் சொல்லும் பிள்ளை, புதிதாக ஒரு வரியைக் காட்டினால் திணறுவதை நிறையப் பார்க்கிறேன். எனக்கு அதுதான் கவலை.

நிலா அம்மா:
நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு இதெல்லாம் நடக்குமா? அப்புறம், பள்ளி மாற்றினால் அங்கே எழுதச் சொல்லிப் பார்த்துத்தான் சேர்க்கிறார்கள். என் பிள்ளை ஏன் பின்தங்க வேண்டும்?

ராசிபுரம் அப்பா:
அப்படித் தேர்வு வைத்துச் சேர்ப்பதே தப்பு. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு அதைத் தடை செய்கிறது. பள்ளி செய்கிற தப்புக்கு ஆறு வயதுப் பிள்ளையைத் தயார்படுத்துவதா?

நிலா அம்மா:
சட்டம் சரி, இடம் கிடைக்க வேண்டுமே. கம்ப்யூட்டர் புத்தகம் வேண்டாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். இந்தியை விட முடியாது. கணவருக்குப் புனேவுக்கு மாற்றல் வரும் போலிருக்கிறது.

தொடக்கப்பள்ளி ஆசிரியை:
தாராளமாகப் பேசக் கற்கட்டும். பாட்டு, கதை, விளையாட்டு என்று காதில் விழட்டும். எழுதவைத்து மார்க் போடுவது மட்டும் இப்போது வேண்டாம் என்று பள்ளியில் சொல்லிப் பாருங்கள்.